முதலில் குச்சி, அப்புறம் பால்

என் வாயை அடக்கத் தெரிந்த ஒரே ஆளான கன்னியம்மா அண்ணிக்கு,

உன் நாத்தனா பச்சை எழுதுகிறேன். இவள் எங்கே எழுதுவது என்று சிரிக்காதே. நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள் நீதான்.

தை பிறந்து உனக்கு வருஷம் திரும்பிவிட்டது. அண்ணன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கலாம் என்றார். "போன வாரம் எதிர் ஊட்டு பெருசுக்கு ஒட்டின போஸ்டரை இன்னிக்கு மாடு தின்னுகினு கீது. அண்ணியையும் மாட்டுக்குப் போடணுமாண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நீ இருந்தால் முதலில் சிரித்திருப்பாய், அப்புறம் என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருப்பாய். இப்போது இரண்டும் இல்லை. கிண்டலுக்கு எதிர்ப்பாட்டு இல்லாமல் வாய் துருப்பிடித்துப் போகிறது அண்ணி.

நம் ஏரிக்குப் பறவை பார்க்க வருகிற வேலப்பன்சாவடி காலேஜ் பொண்ணுங்க நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகை போடுகிறார்கள். அதில்தான் இது வரப்போகிறது. எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், கிண்டலைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சேதி சொல்லவா? ஐப்பசி மழைக்குப் பின்னாடியே உன் விருந்தாளிகள் வந்து இறங்கிவிட்டார்கள். ஊசிவால் வாத்து வந்திருக்கிறது. "வால்ல ஊசியைச் சொருவிகினு தையக்காரி வந்துட்டாடி" என்பாயே, அதேதான். நீலச்சிறகி வாத்து இந்த வருஷம் கொஞ்சம் கம்மி. கரைக்குக் கீழே நாம் நாற்று நட்ட பக்கம் இன்னொரு குடோன் எழும்பிவிட்டது. அதன் கூரை வெயிலில் பளபளவென்று மின்னுகிறது. அதைத் தண்ணீர் என்று நினைத்து ரெண்டு உள்ளான் குருவி இறங்கப் பார்த்தன. நானும் ஒரு நாள் காலையில் அப்படித்தான் நினைத்தேன். நானாவது கண்ணு மங்கினவள்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். முட்டி கரை ஏறும்போதே முனகுகிறது. அந்த ஐஸ் பொட்டிக்கு ரெண்டு பக்கமும் பிடி இருக்கும் இல்லையா, ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். இப்போது நான் ஒருத்தியே ஒரு பிடியைப் பிடித்துத் தூக்குகிறேன். பொட்டி சாய்கிறது. அதோடு நானும் சாய்ந்து நடக்கிறேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிறவர்கள் பக்கவாதம் என்று நினைத்து உட்கார இடம் கொடுக்கிறார்கள். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு நாம் செய்த வேலை என்ன என்று தெரியாது. தெரிந்த கதையையே சொல்கிறாள் என்று நீ கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் இரு.

நாங்கள் ரெண்டு பேரும் செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு சென்னீர்குப்பத்தில் ஒரு குடோனில் கூட்டிப் பெருக்கினோம். அப்போதுதான் ஆய்வுக்கூடத்து மேடம் ஒருத்தர் ஏரிக்கு வந்தார். தூர தேசத்திலிருந்து வருகிற பறவைகள் சில சமயம் காய்ச்சல் கிருமியைச் சுமந்துகொண்டு வருமாம். அது ஊர்க் கோழிக்கு ஒட்டினால் கோழி மடியும், மனுஷருக்கும் ஒட்டலாம். அதனால் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். எந்தப் பறவை எந்தத் திட்டில் உட்காரும், எத்தனை மணிக்கு எழும்பும் என்று தெரிந்த ஆள் வேண்டும் என்றார். சேற்றிலேயே பாதி ஆயுசைக் கழித்த எங்களை விட்டால் யாருக்குத் தெரியும்?

விடிகிற நேரத்தில் பறவைகள் எழும்பிப் போனதும் திட்டுக்குப் போக வேண்டும். ஈரம் காயாத எச்சமாகப் பார்த்து, பஞ்சு சுற்றின குச்சியால் தொட்டு, கிருமியைக் கெடாமல் வைக்கிற ரோஸ் கலர் தண்ணீர் இருக்கிற சின்னக் குப்பியில் போட்டு மூடி, ஐஸ் பொட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். இவ்வளவுதான். ஷேர் ஆட்டோக்காரன் ஒருத்தன் கேட்டான் ஞாபகம் இருக்கிறதா?

"இன்னாக்கா, பொட்டியில மீனா?"

"இல்ல நைனா, வாத்துப் பீ. கால் கிலோ போடட்டுமா?" என்றேன்.

நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய். அவன் நம் ரெண்டு பேரையும் வேலப்பன்சாவடியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு உன்னிடம் வாங்கின குட்டு இன்னும் வலிக்கிறது.

உயிரோடு இருக்கிற பறவைக்கு இந்த முறை. செத்த பறவைக்கு வேறு முறை. செத்ததைப் பார்த்தால் தொடக் கூடாது. முகமூடி, கையுறையோடு தள்ளி நின்று, மேடத்துக்குப் போன் போட வேண்டும். அவர் வண்டியில் வந்து உடம்பு முழுக்க மூடுகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு ரெண்டு குச்சி எடுப்பார், ஒன்று தொண்டையில், ஒன்று பின்பக்கம். அப்புறம் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும்.

இங்கேதான் அண்ணி, உன் கதை வருகிறது. சொல்லப் போகிறேன். பல்லைக் கடித்துக்கொள்.

முதல் வருஷம் ஒரு நீலச்சிறகி செத்துக் கிடந்தது. நான் மேடத்துக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பினால், நீ கையுறையோடு குனிந்து அதன் அலகைப் பிரித்துக்கொண்டிருக்கிறாய். மடியிலிருந்து பழைய இருமல் மருந்து பாட்டிலை எடுத்தாய். அதில் பால். மூடியில் ஊற்றி, மூணு சொட்டு விட்டாய்.

"இன்னா அண்ணி பண்ற?"

"எங்கிருந்தோ பறந்து வந்து நம்ம ஏரியில செத்துகீது. சொந்தம்னு அதுக்கு இங்க யார் கீறாங்க? வாய்க்குப் பால் இல்லாம எப்புடிடி அனுப்புறது?"

"அப்போ பதினாறாம் நாளுக்குப் பத்திரிகை அடிச்சிடலாமா?"

"அடி. ஒன் பேரை மொதல்ல போடு, நீதான் அதுக்கு நெருங்கின சொந்தம்" என்றாய்.

அதற்கப்புறம் செத்த பறவை எது கிடந்தாலும் மேடம் வண்டி வருவதற்குள் நீ பால் விட்டுவிடுவாய். பாட்டில் எப்போதும் பையில் இருக்கும். நான் கரை மேல் நின்று வண்டி வருகிறதா என்று பார்ப்பேன். திருட்டுக்குக் காவல் நிற்கிற மாதிரிதான் நின்றேன். நான் உன்னைத் தடுத்ததே இல்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ரெண்டாம் வருஷம் மேடம் குழம்பிப் போனார். மற்ற ஏரிக் குப்பிகளெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கின்றன. நம் ஏரியில் செத்த பறவையின் தொண்டைக் குச்சி மட்டும் உண்டு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. ஆய்வுக்கூடத்து மெஷின் ஒவ்வொரு குப்பியிலும் தன்னையே ஒரு தடவை சோதித்துப் பார்த்துக்கொள்ளுமாம். அந்தச் சோதனையே தோற்றுப்போகிறது என்றார். "பின்பக்கக் குச்சியில இல்லன்னு வந்தாலும் நான் நம்ப முடியாது. இந்தக் கிருமி தொண்டையிலதான் முதல்ல உட்காரும்" என்றார். ஐஸ் பத்தவில்லையோ என்று பொட்டியை மாற்றினார். குச்சியை மாற்றினார். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டாய் என்று டிரைவரைத் திட்டினார்.

நீயும் நானும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நின்றோம். உனக்கு அப்போதே தெரியுமா அண்ணி? எனக்கு லேசாக உறைத்தது. தொண்டையில் நாம் வைத்தது ஒன்றே ஒன்றுதானே. ஆனால் மூணு சொட்டுப் பால் ஒரு மெஷினின் வாயைக் கட்டும் என்று எந்தப் புத்தியுள்ளவள் நினைப்பாள்? அஞ்சாவதில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

மூணாம் வருஷமும் அப்படியே போனது. போன தையில் நீயும் போய்விட்டாய். காலையில் நெஞ்சு கரிக்கிறது என்று உட்கார்ந்தவள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். மேடம் நம் வேலையைச் சொல்லி, கிருமி இருக்கிறதா என்று உன்னையும் சோதிக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை என்று வந்தது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. தெரு எங்கே காகிதம் படிக்கிறது? "கொக்குக் காய்ச்சல்" என்று யாரோ ஒருத்தி ஆரம்பித்தாள். பதினாறாம் நாள் இலை போட்டோம், பாதி இலையில் ஆள் இல்லை. அண்ணன் ஒவ்வொரு இலையாக மடித்து எடுத்தார். அதைப் பார்த்துத்தான் நான் முடிவு பண்ணினேன், பால் கதையை யாரிடமும் சொல்வதில்லை என்று. செத்த பறவையின் வாயைப் பிரித்தாள் என்று தெரிந்தால் இவர்கள் உன்னை இன்னொரு தடவை சாகடிப்பார்கள்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. உன்னைக் கூடத்தில் கிடத்தியதும் வாய்க்குப் பால் கேட்டார்கள். அன்று காலையில் நீ பால் பாக்கெட்டை வாங்கி, பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி, மீதியில் டீ போட்டுவிட்டாய். வீட்டில் வேறு பால் இல்லை. நான்தான் உன் பையைத் துழாவி அந்த இருமல் மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதிலிருந்துதான் உனக்கு விட்டார். மூணு சொட்டு. பறவைக்கு வைத்திருந்த பால், உனக்கு ஆனது.

அந்தப் பாட்டிலை நான் கழுவி வைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் ஆரம்பத்திலேயே மேடம் சொன்னார். "மேல கேக்குறாங்க பச்சையம்மா. மூணு வருஷமா செத்த பறவைக்குப் பதிலே இல்லாத ஏரியை எதுக்கு வெச்சிருக்கணும், லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுன்னு சொல்றாங்க. இந்த வருஷமும் இப்படியே போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." எனக்கு வேலை போவது பெரிசில்லை, குடோனில் துடைப்பம் எனக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஏரியை யாரும் பார்க்கவில்லை என்றால் என்ன ஆகும்? அத்தனை விருந்தாளி வருகிற வீட்டில் வாசலில் ஆள் இல்லாத மாதிரி.

மார்கழி கடைசியில் மதகுக்குப் பக்கத்துச் சேற்றில் நாலு ஊசிவால் செத்துக் கிடந்தன. நாலும் ஒரே இடத்தில். தெரு முழுக்கப் பயம். பதில் தெரியவில்லை என்றால் சந்தேகத்திலேயே சுத்துவட்டாரக் கோழியையெல்லாம் அழித்துவிடுவார்களோ என்று பேசிக்கொண்டார்கள். நீ விட்டுப்போன கோழி அஞ்சு இருக்கிறதே, அண்ணன் அதைத் தன் கட்டிலுக்கடியில் கூடையைப் போட்டு மூடிவைத்தார். உன் கைபட்டு வளர்ந்ததில் மிச்சம் அதுதான்.

மேடத்துக்குப் போன் போட்டேன். கையுறை போட்டேன். பால் ஊற்றி மடியில் வைத்திருந்த உன் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். குனிந்தும் விட்டேன் அண்ணி. தையக்காரியின் அலகு என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில். விட்டால் ஏரி ஊமை. விடாவிட்டால் நீ என்னை விடமாட்டாய். திறந்த பாட்டிலோடு வண்டி வருகிற வரைக்கும் அப்படியே நின்றேன்.

மேடம் இறங்கி வந்தார். "என்ன பச்சையம்மா, ஏரியிலேயே டீக்கடை போட்டுட்டீங்களா?"

"மேடம், அந்தத் தொண்டையில இருந்தது பாலு."

"எந்தத் தொண்டையில?"

"எல்லாத் தொண்டையிலயும்."

சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். நான் காவல் நின்றதையும் சேர்த்துத்தான் சொன்னேன். மேடம் அந்த வெள்ளை உடுப்போடு அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு வருஷம்! பொட்டியை மாத்தினேன், குச்சியை மாத்தினேன், டிரைவரைத் திட்டினேன்."

"ஆமா மேடம். பாவம் அவுரு."

"ஏன் சொல்லல?"

"அப்போ சொன்னா நீங்க அவளை வேலைய வுட்டுத் தூக்கிடுவீங்க. செத்தப்புறம் சொன்னா தெரு அவளைத் தூக்கிடும்."

அப்புறம் கேட்டார்: "எத்தனை சொட்டு?"

"மூணு."

"இன்னிக்கு விட்டுட்டீங்களா?"

"இல்ல. அதான் மரமாட்டம் நிக்கிறேன்."

அவர் எழுந்து நாலு தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்தார். என் பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் பால் வாங்கி ஒரு குப்பியில் அடைத்துக்கொண்டார். குழிக்குப் போகும் முன் என்னைப் பார்த்து, "இப்ப விடுங்க. கையுறையோட, மேலேர்ந்து விடுங்க. அலகைப் பிரிக்க வேணாம்" என்றார். விட்டேன். நாலுக்கும் மூணு மூணு சொட்டு. அதற்கப்புறம்தான் சுண்ணாம்பு.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் செக்யூரிட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குக் கிளம்புகிற நேரம். கை பட்டனிலேயே நின்றது.

"ரிப்போட்டுல அவ பேரு வருமா?"

"வராதுண்ணே. பாலுன்னு மட்டும்தான் எழுதுவேன்னு சொன்னாங்க."

பட்டனைப் போட்டு முடித்தார். "வரட்டுமே. திருட்டா பண்ணா? பாலுதானே ஊத்துனா. நானே சொல்லுவேன், எவன் கேக்குறான் பாக்குறேன்" என்றார். உன் புருஷன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதனால்தான் இங்கே உன் பேரை முழுசாகப் போட்டிருக்கிறேன். அதுவும் அவர் சொன்னதுதான்.

ரெண்டு நாள் கழித்து நான் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மேடம் போன் பண்ணினார். கிருமி இருப்பது நன்றாகத் தெரிந்த ஒரு குப்பியில் நம் பாலைக் கலந்து பார்த்தாராம். மெஷின் வாயே திறக்கவில்லை. "பால்தான்" என்றார். அப்புறம் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "நாலுலயும் தொண்டைக் குச்சி பதில் சொல்லிடுச்சு பச்சையம்மா. கிருமி இல்ல. சேத்துல ஏதோ அழுகினதைத் தின்னிருக்கணும்னு நெனைக்கிறேன்" என்றார்.

மூணு வருஷத்துக்கப்புறம் உன் ஏரி வாயைத் திறந்து பேசின முதல் வார்த்தை, "இல்லை." நான் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கவாதக்காரி என்று ஒருத்தர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

கோழிகள் கூடையை விட்டு வெளியே வந்துவிட்டன. லிஸ்டில் ஏரி இருக்கிறது. தெருவில் ரெண்டு பேர் என்னைக் கண்டால் இன்னும் ஒதுங்கிப் போகிறார்கள், போகட்டும், நடைக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் அந்த மூணு வருஷத்து ஊமைத் தொண்டைகளில் என்ன இருந்தது அண்ணி? இருந்திருந்தால் யாருக்கு ஒட்டியிருக்கும்? நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நம் கெட்டிக்காரத்தனமா, அதிர்ஷ்டமா? மேடத்தைக் கேட்டேன். "இனிமே தெரிஞ்சுக்கவே முடியாது" என்றார். பொட்டியை விட இதுதான் கனமாக இருக்கிறது. உன் பங்கையும் நான்தான் தூக்குகிறேன்.

அடுத்த வருஷம் "உண்டு" என்று வரலாம். அன்றைக்குக் கோழி போகும், தெரு என்னைத்தான் திட்டும். அதற்கும் நான் தயாராக வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. நீ இருந்தால் ஒரு குட்டு வைத்துச் சொல்லித்தருவாய்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இந்த ஏரியில் எந்தப் பறவையையும் வாய்க்குப் பால் இல்லாமல் அனுப்ப மாட்டேன். உன் பாட்டில் என் மடியில்தான் இருக்கும். ஆனால் முதலில் குச்சி, அப்புறம் பால். இந்த வரிசையை மாற்ற மாட்டேன், நீயே எழுந்து வந்து குட்டினாலும்.

எனக்குச் சாவு வருகிற அன்றைக்கு மட்டும் வரிசையை மாற்றச் சொல்லி அண்ணனிடமும் மேடத்திடமும் சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் பால். அந்தப் பாட்டிலிலிருந்துதான். குச்சி வேண்டுமென்றால் மேடம் அப்புறம் விட்டுக்கொள்ளட்டும், என் வாய் எப்படியும் பதில் சொல்லிவிடும்.

ஐஸ் பொட்டியின் ஒரு பக்கப் பிடியை விடாத,
உன் நாத்தனா
பச்சையம்மா